தெரிந்த கார்டை ஒதுக்கி வைக்கலாமா?

ஜனக்புரி டிஸ்ட்ரிக்ட் சென்டரில் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தால் மாடிக்கு மாடி கோச்சிங் பலகைகள். ஐஇஎல்டிஎஸ், ஜி.ஆர்.இ., ஜிமேட், பக்கத்திலேயே கல்விக் கடனும் விசா ஆலோசனையும். மேற்குத் தில்லியின் இந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்களும் கணிசம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் புழங்கி வளர்ந்த பிள்ளைகள் பி.டெக். முடித்து அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கக் கிளம்பும்போது அதற்கான ஜி.ஆர்.இ. தேர்வின் கணக்குப் பகுதிக்காக அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. வயிற்றைக் கலக்குவது சொல் பட்டியல்தான்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா என்ற நான்கு பல்கலைக்கழகங்களும் கார்னகி அறக்கட்டளையும் சேர்ந்து 1936-இல் தொடங்கிய சோதனை முயற்சிதான் ஜி.ஆர்.இ. 1947-இல் பிறந்த இ.டி.எஸ். நிறுவனம் மறு ஆண்டே அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. ஒரு சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பது, ஒரு சோடியைக் கொடுத்து அதே உறவுள்ள இன்னொரு சோடியைக் கேட்பது என்று பல பத்தாண்டுகள் ஓடின. பாரன்ஸ் பயிற்சிப் புத்தகத்தின் புகழ்பெற்ற 3500 சொல் பட்டியல் அந்தக் காலத்துப் பயத்தின் விளைச்சல். 2011 ஆகஸ்டில் அந்த இரண்டு வகைக் கேள்விகளும் போய்விட்டன. இப்போது வாக்கியத்தில் விட்ட இடத்தை நிரப்ப வேண்டும். அல்லது ஆறு சொற்களிலிருந்து, எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தரும்படியான இரண்டைப் பொறுக்க வேண்டும். 2023 செப்டம்பரில் தேர்வே 1 மணி 58 நிமிடமாகச் சுருங்கியது. மொழிப் பகுதியில் 27 கேள்விகள். அவற்றில் ஏறக்குறைய பாதி, பத்தியை வாசித்துப் பதில் சொல்பவை. பல அமெரிக்கத் துறைகள் இப்போதெல்லாம் இந்தத் தேர்வையே கேட்பதில்லை. பட்டியல் மட்டும் சாகவில்லை. ஆயிரம் கார்டுள்ள பெட்டியாகவும் மொபைல் ஆப்பாகவும் உருவம் மாறிப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சொற்களை எப்படிப் படித்தால் நிற்கும் என்பதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் நேட் கோர்னெல் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் ஜி.ஆர்.இ. ரகச் சொற்களையே எடுத்துக்கொண்டார். இருபது சொற்களை ஒரே கட்டாக வைத்து, முதலிலிருந்து கடைசி வரை போய்த் திரும்பவும் முதலுக்கு வருவது ஒரு வழி. ஐந்தைந்தாகப் பிரித்து, ஒரு சிறு கட்டையே பலமுறை சுற்றி முடித்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போவது இன்னொரு வழி. இரண்டிலும் ஒரு சொல்லைப் பார்க்கும் எண்ணிக்கை ஒன்றுதான். சிறு கட்டில் நாலு கார்டு தாண்டியதும் அதே சொல் வந்து நிற்கும். பதில் டக்கென்று வரும். பெரிய கட்டில் அந்தச் சொல் திரும்பி வருவதற்குள் பாதி மறந்திருக்கும்; யோசிக்க வேண்டும், தடுமாற வேண்டும், பல தடவை தப்பும் வரும்.

கலந்துகொண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குப் பெரிய கட்டுதான் அதிகம் கைகொடுத்தது. ஆனால் முதல் அமர்வு முடிந்த கையோடு கேட்டபோது 72 சதவீதம் பேர் சிறு கட்டே நல்லது என்றார்கள்.

சொல் படிப்பில் ஏற்படும் நஷ்டம் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நடக்கிறது. எது சுலபமாக ஓடுகிறதோ அதுவே ஆழமாகப் பதிந்தது என்று மனம் கணக்குப் போடுகிறது. சோம்பேறிகள் மட்டும் போடும் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து உருப்போடும் பிள்ளைகளும் இதைத்தான் போடுகிறார்கள்.

மேல் வீட்டுப் பெண் டிசம்பரில் தேர்வு எழுதுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜை நிறையக் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கார்டை எடுப்பாள், சொல்லைப் பார்ப்பாள், உதடு அசையும், திருப்பிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் ரப்பர் பேண்டு போட்ட கட்டில் சேர்த்துவிடுவாள். தப்பென்றால் கையிலேயே இருக்கும். அரை மணியில் கையிலிருந்தது மெலிந்து, ரப்பர் பேண்டுக் கட்டு பருத்துவிட்டது.

“அந்தக் கட்டைத் திரும்ப எப்போ பார்ப்பே?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் தெரிஞ்சதாச்சே மாமா. தெரிஞ்சதை எதுக்கு மறுபடி பாக்கணும்? தெரியாதது இன்னும் அறுநூறு இருக்கு.”

கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. நேரம் குறைவு, தெரியாததற்குச் செலவழிப்பதுதானே புத்திசாலித்தனம்? இதே கேள்வியை ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அந்த ஆய்வில் மாணவர்களுக்கு 40 ஸ்வாஹிலிச் சொற்களும் அவற்றின் ஆங்கிலப் பொருளும் தரப்பட்டன. ஒரு சொல்லை ஒரு முறை சரியாகச் சொல்லிவிட்டால் அதன் பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழுக்கள் வேறுபட்டன. முதல் குழு எல்லாச் சொற்களையும் தொடர்ந்து படித்தது, தொடர்ந்து ஒப்பித்தும் பார்த்தது. இரண்டாவது குழு சரியாகச் சொன்னதை மறுபடி படிக்கவில்லை. ஆனால் ஒப்பிக்கும்போது அதையும் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது, படிப்பதில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, ஒப்பிப்பதிலிருந்து மட்டும் சரியானவற்றை நீக்கியது. நான்காவது இரண்டிலிருந்தும் நீக்கிவிட்டது. மேல் வீட்டுப் பெண்ணின் ரப்பர் பேண்டு முறை இந்த நான்காவது.

அன்றைக்கு எல்லோரும் நாற்பதையும் கற்று முடித்தார்கள். குழுக்களுக்குள் வித்தியாசமே இல்லை. ஒரு வாரத்தில் எவ்வளவு நிற்கும் என்று அவர்களிடமே கேட்டபோதும் எல்லாக் குழுவும் பாதி என்றே சொன்னது. ஒரு வாரம் கழித்து ஒப்பித்துக்கொண்டே இருந்த இரண்டு குழுக்களும் 80 சதவீதம் நினைவில் வைத்திருந்தன. ஒப்பிப்பதை நிறுத்திய இரண்டு குழுக்களுக்கும் நின்றது 36-ம் 33-ம். மூன்றாவது குழு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கண்ணால் பார்த்தது; அது ஏறக்குறைய எந்தப் பயனும் தரவில்லை. பார்ப்பது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. சொல்லை நினைவிலிருந்து இழுத்து எடுக்கும் செயல்தான் அதைப் பலப்படுத்துகிறது.

இதற்கு உளவியலாளர் ராபர்ட் பியோர்க் தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது. ஒரு நினைவுக்கு இரண்டு வகை வலு உண்டு என்கிறார். இந்த நிமிடம் அது எவ்வளவு சுலபமாகக் கைக்கு வருகிறது என்பது ஒன்று. எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்கும். அது உச்சத்தில் இருக்கும்போது மறுபடி படித்தால் இரண்டாவது கிட்டத்தட்ட ஏறுவதே இல்லை. கொஞ்சம் மறந்து, மெனக்கெட்டு நினைவுக்குக் கொண்டுவரும்போதுதான் ஏறுகிறது. ஆக, கொஞ்சம் மறக்க விடுவதும் பாடத்திட்டத்தில் ஒரு பகுதி.

எவ்வளவு மறக்க விடுவது? மறதியை முதலில் அளந்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டுத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று தன்னையே சோதித்து 1885-இல் புத்தகம் போட்டார். ஒரு மணி நேரத்தில் மிச்சம் 44 சதவீதமாக இறங்கியது; ஒரு நாளில் 34; ஒரு மாதத்துக்குப் பிறகும் 21. விழுவதில் பெரும்பகுதி முதல் நாளிலேயே விழுகிறது. அதன் பிறகு சரிவு மெதுவாகிவிடுகிறது. பொருளுள்ள சொற்கள் இதைவிட நன்றாக நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பட்டியலில் முதல்முறை பார்க்கும் ‘அப்ஸ்ட்ரூஸ்’ நம் பிள்ளைகளுக்கு எபிங்ஹாஸின் அசையைவிட எந்த விதத்தில் மேல்? அதனால் முதல் மறுபார்வை மறுநாளே வேண்டும். அடுத்தடுத்தவை தள்ளிப் போகலாம்.

எவ்வளவு தள்ளி என்பது தேர்வுத் தேதியைப் பொறுத்தது. நிக்கலஸ் செப்பீடாவும் கூட்டாளிகளும் 1350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால் அந்தக் காலத்தில் 20 முதல் 40 சதவீதமும், ஓராண்டு கழித்து என்றால் 5 முதல் 10 சதவீதமும் இடைவெளி விடுவது நல்லது என்று தெரிந்தது. நாலு மாதம் கையில் இருக்கிறவருக்கு ஒரே ராத்திரியில் பத்து முறை பார்ப்பதைவிட வாரக் கணக்கில் தள்ளித் தள்ளி நாலு முறை பார்ப்பது மேல்.

இதைச் சொந்த வாழ்க்கையில் செய்து காட்டியது ஒரு குடும்பம். ஹாரி பாரிக் என்ற உளவியலாளரும் அவர் மனைவியும் இரண்டு மகள்களுமாக நான்கு பேர், 300 அயல்மொழிச் சொற்களை வெவ்வேறு கால அட்டவணைகளில் கற்று, ஐந்து ஆண்டு வரை சோதித்துப் பார்த்தார்கள். 1993-இல் முடிவு வந்தது. 14 நாளுக்கு ஒரு முறை 26 தடவை படித்ததும், 56 நாளுக்கு ஒரு முறை வெறும் 13 தடவை படித்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. பாதி உழைப்பு! ஆனால் 56 நாள் அட்டவணையில் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் நிறைய மறந்திருக்கும்; உற்சாகம் போய்விடும். கோச்சிங் சென்டர் ஏன் இந்த வழியில் நடத்துவதில்லை என்பதும் புரிகிறது. வாரா வாரம் டெஸ்ட் வைத்து நல்ல மார்க் காட்டினால்தான் அப்பாவும் அம்மாவும் அடுத்த தவணைப் பணம் கட்டுவார்கள்.

இந்த இடைவெளிக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு பெட்டி போதும். ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் பரப்பிய முறை இது. பெட்டியில் அறைகள், சரியாகச் சொன்ன கார்டு அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் எடுப்பது, கடைசி அறையை எப்போதாவது எடுப்பது. தெரிந்த கார்டு தள்ளிப் போகுமே தவிர ஒரேயடியாக ரப்பர் பேண்டுக்குள் அடைபடாது. 2006-இல் வந்த ‘ஆங்கி’ மென்பொருள் இந்த வேலையைக் கணினிக் கணக்காகச் செய்கிறது. செலவில்லாமலும் கிடைக்கிறது. ஆனால் அதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பொருளை மனத்துக்குள் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் விரல் திரையைத் தட்டிவிடும். பொருளைப் பார்த்ததும் “ஆமா, இதுதான் நினைச்சேன்” என்று தோன்றும். நினைத்திருக்கவே மாட்டோம். வாய்விட்டுச் சொல்வது, முடிந்தால் எழுதுவது, அதன் பிறகே திருப்புவது. தில்லி மெட்ரோவில் வாய்விட்டுச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரி பார்ப்பார்தான். உதட்டசைவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு மிக வலுவான சாட்சி, புதுச் சொற்களைக் கற்க முடியாமல் போன ஒரு மனிதர். ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் தெரிந்த ஆங்கிலமெல்லாம் அப்படியே இருந்தது. பேசினார், குறுக்கெழுத்துப் புதிர் போட்டார். ஆனால் 1953-க்குப் பிறகு ஆங்கிலத்தில் நுழைந்த சொற்கள் பெரும்பாலும் அவருக்குள் நுழையவில்லை. சூசன் கார்க்கின் குழுவினர் அவருக்குச் சில அரிய ஆங்கிலச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். ஜி.ஆர்.இ. பட்டியலில் இருந்தாலும் இருந்திருக்கக்கூடிய ரகம். நூற்றுக்கணக்கான முயற்சிக்குப் பிறகும் பயனில்லை. புதுச் சொல் முதலில் ஹிப்போகேம்பஸின் தயவில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூளையின் மேற்புறணியில் பழைய சொற்களோடு கலக்கிறது என்பது இன்றைய புரிதல்.

அந்தக் கலப்பில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு. நிக்கலஸ் டுமேயும் கேரத் கேஸ்கலும் 2007-இல் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆங்கிலச் சொற்களைக் கொஞ்சம் திருகிப் போலிச் சொற்களை உண்டாக்கிக் கற்றுக்கொடுத்தார்கள். புதுச் சொல் மனச்சொற்களஞ்சியத்தில் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டால், அதைப் போல ஒலிக்கும் பழைய சொல்லை அடையாளம் காண மூளை ஒரு கணம் தயங்க வேண்டும். காலையில் கற்று 12 மணி நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்தத் தயக்கம் இல்லை. மாலையில் கற்று, தூங்கி எழுந்தவர்களிடம் இருந்தது. இரவு முழுக்கக் கண்விழித்துப் படிப்பவர், மூளை அந்த வேலையைச் செய்யும் நேரத்தையே வெட்டிவிடுகிறார்.

இனிப் பட்டியலின் வரிசைக்கு வருவோம். எனக்கு இதில்தான் கோபம். பாரன்ஸ் பட்டியலின் முதல் பக்கத்தில் அபேஸ், அபாஷ், அபேட், அபெட் என்று வரிசையாக நிற்கும். முதலாவது இழிவுபடுத்துவது, அடுத்தது கூச வைப்பது, மூன்றாவது தணிவது, நான்காவது குற்றத்துக்கு உடந்தையாவது. நாலையும் ஒரே நாளில் படித்தவர் மூன்றாம் நாள் எதைக் கேட்டாலும் “ஏதோ கெட்ட விஷயம்” என்பார். ஒலியும் எழுத்தும் ஒத்த சொற்கள் ஒன்றையொன்று மறைக்கும். சரி, அகரவரிசை வேண்டாம், பொருள்வாரியாகப் போகலாம் என்று கோச்சிங் நோட்டுகள் ‘அதிகம் பேசாதவர்’ என்ற தலைப்பில் லக்கானிக், டாசிடர்ன், ரெடிசென்ட் மூன்றையும் ஒன்றாகக் கட்டித் தரும். அதுவும் உதவாது. தாமஸ் டிங்க்கம் 1993-இல் காட்டியது, பொருளால் நெருங்கிய சொற்களைச் சேர்த்துக் கற்றால் சம்பந்தமில்லாத சொற்களைக் கற்பதைவிட அதிக முயற்சி தேவைப்படுகிறது என்பதைத்தான். சிக்கனமாகப் பேசுவது லக்கானிக். சுபாவத்திலேயே வாய் திறக்காதவர் டாசிடர்ன். மனத்தில் இருப்பதைச் சொல்லத் தயங்குபவர் ரெடிசென்ட். மூன்றையும் வெவ்வேறு வாரத்தில் தனித்தனியாகச் சந்தித்து, நன்றாகப் பழகிய பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்க்கலாம். தேர்வுக்கு அந்த வித்தியாசம் தேவை. ஆனால் அது இரண்டாம் கட்டம்.

அப்படியானால் நம் நிகண்டுகள்? மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைகீழாக ஒப்பித்தார்கள். அதில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் ஒரே இடத்தில்தான் குவிந்து கிடக்கும். டிங்க்கம் சொல்வதற்கு நேர்விரோதம். எனக்குத் தோன்றுவது இது: நிகண்டு செய்யுள். எதுகையும் மோனையும் அடுத்த சொல் எது என்பதை ஓரளவு முன்கூட்டியே கட்டிப்போடும். ஒரு சொல் இன்னொன்றின் இடத்தில் உட்கார முடியாது, தளை தட்டும். கயாதரர் தம் நிகண்டை அந்தாதியாகவே பாடிவைத்தார். ஒரு பாட்டின் முடிவு அடுத்ததின் தொடக்கத்தைக் கையில் கொடுத்துவிடும். பிள்ளைகளும் ஏட்டைப் பார்த்துப் படித்ததோடு விடவில்லை. ஏட்டை மூடிவிட்டுச் சட்டாம்பிள்ளை முன்னால் ஒப்பிக்க வேண்டும். கார்ப்பிக்கி ஆய்வின் முதல் குழு! யாப்பை உருவிவிட்டு வெறும் குவியலை மட்டும் வைத்துக்கொண்ட கோச்சிங் நோட்டு, நிகண்டின் பலவீனத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

யாப்பு இல்லாத இடத்தில் வேறு கொக்கி வேண்டும். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராவும் ரஷ்யச் சொற்களை வைத்து ஒரு முறையைச் சோதித்தார்கள். அயல்சொல்லின் ஒலியை ஒத்த தாய்மொழிச் சொல் ஒன்றைக் கண்டுபிடித்து, அதையும் பொருளையும் சேர்த்து மனத்தில் ஒரு படம் போட வேண்டும். 120 சொற்களில் அந்த முறையில் கற்றவர்கள் 72 சதவீதமும், மற்றவர்கள் 46 சதவீதமும் சொன்னார்கள். ஆறு வாரத்துக்குப் பிறகு 43-க்கு 28.

ஜனக்புரிப் பிள்ளைக்கு இதில் ஒரு வசதி உண்டு. கொக்கி தேட மூன்று மொழிகள் இருக்கின்றன. ‘பாலிட்’ என்றால் வெளிறிய. ஆங்கில எழுத்துகளை அப்படியே கூட்டினால் பல்லிட். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய பல்லி கண்முன் வந்துவிட்டால் அந்தச் சொல் எங்கேயும் போகாது. ‘கஜோல்’ என்றால் நயமாகப் பேசிக் காரியம் சாதிப்பது; அதே பெயருள்ள ஹிந்திப் பட நடிகை யாரையோ தாஜா பண்ணுவதாக நினைத்துக்கொள்ளலாம். கொக்கி அசட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் கொக்கியோடு நின்றுவிடக் கூடாது. இந்த முறையில் கற்றது, ஒப்பித்துப் பார்க்காமல் விட்டால், மற்றதைவிட வேகமாக மறந்துபோகிறது என்று 1992-இல் ஆல்வின் வாங் குழுவினர் காட்டினார்கள். கட்டடம் எழும்பும் வரை கட்டும் சாரம் மாதிரிதான் அது. பத்தாவது தடவையும் பல்லி வழியாகவே பொருளுக்குப் போகிறவருக்குத் தேர்வு மேஜையில் நேரம் போதாது.

அடுத்தது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட அறிவுரை: “ஹிந்து தலையங்கம் படி.” எடிட்டோரியல் படித்தே ஆங்கிலம் வந்தது என்று சொல்லும் தாத்தாக்கள் ஜனக்புரியிலும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். மொழியியலாளர் ஜார்ஜ் ஜிப்ஃப் எடுத்துக்காட்டியபடி, எந்த மொழியிலும் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மிகப் பெரும்பாலானவை அபூர்வமாகவே வரும். பட்டியலில் இருப்பவை அந்த அபூர்வ வகை. பத்து லட்சம் சொல்லுக்கு ஒரு தடவை வரும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தினம் இரண்டு தலையங்கம், சுமார் ஆயிரம் சொல் படித்தால், அதைச் சராசரியாக ஆயிரம் நாளுக்கு ஒரு தடவை பார்ப்போம். கிட்டத்தட்ட மூன்று வருஷம். பார்த்தாலும் உடனே தெரிந்துவிடுமா? வில்லியம் நேகியும் சக ஆய்வாளர்களும் 1980-களில் பள்ளிப் பிள்ளைகளிடம் கணக்கெடுத்தபோது, வாசிப்பின் போக்கில் எதிர்ப்படும் புதுச் சொல் ஒரு சந்திப்பில் கற்கப்படும் வாய்ப்பு இருபதில் ஒன்று என்று வந்தது. தாத்தாவுக்கு நாற்பது வருஷம் இருந்தது. பேத்திக்கு நாலு மாதம். கார்டு தவிர வழியில்லை.

இருந்தாலும் தலையங்கத்தை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். 2011-க்குப் பிறகு வந்த கேள்விகள் சொல்லின் பொருளைக் கேட்பதில்லை. அது எந்த வாக்கியத்தில் உட்காரும் என்று கேட்கின்றன. கார்டின் பின்பக்கத்தில் உள்ள ஒற்றைச் சொல் அதைச் சொல்லாது. அதைவிட மோசமானவை, நமக்குத் தெரியும் என்று நாம் கார்டே போடாத சொற்கள். ‘குவாலிஃபை’ என்றால் நம் ஊரில் தேறுவது. பையன் மெயின்ஸ் குவாலிஃபை ஆகிவிட்டான் என்போம். ஜி.ஆர்.இ. பத்தியில் ஓர் ஆசிரியர் தம் கூற்றை குவாலிஃபை செய்கிறார் என்றால், ‘ஆனால்’ போட்டு அதன் வீச்சைக் குறைத்துக்கொள்கிறார் என்று பொருள். ‘சாங்ஷன்’ நமக்கு லோனுக்கும் லீவுக்கும் கிடைக்கும் அனுமதி. அங்கே தண்டனையாகவும் வரும். பழைய பொருள் முந்திக்கொண்டு வந்து புதுப் பொருளை மறைப்பதால், முற்றிலும் தெரியாத சொல்லைவிட இவற்றைத் திருத்திக் கற்பது கடினம். வாக்கியத்தோடு படித்தால்தான் இவை கண்ணில் படும். அதனால் கார்டின் பின்பக்கத்தில் பொருளோடு ஒரு முழு வாக்கியமும் வேண்டும், நாமே எழுதியதாக.

மேல் வீட்டுப் பெண் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “சரி மாமா, எத்தனை சொல், எத்தனை நாள்னு கணக்கு சொல்லுங்க” என்றாள். கணக்கு இப்படி வந்தது. 3500 வேண்டாம், அடிக்கடி வரும் ஆயிரம் போதும். தொண்ணூறு நாள் இருப்பதாக வைத்துக்கொண்டால், முதல் ஐம்பது நாளும் நாளுக்கு இருபது புதுச் சொல், அகரவரிசையும் தலைப்பும் கலைத்துக் குலுக்கிய கட்டிலிருந்து. ஒவ்வொன்றும் மறுநாள், நாலாம் நாள், பத்தாம் நாள், 25-ஆம் நாள் திரும்ப வரும். அப்படியானால் எந்த நாளிலும் பழைய கார்டு எண்பதைத் தாண்டாது. ஒன்றுக்குப் பத்து வினாடி என்றால் கால் மணிக்கும் குறைவு. தடுமாறியவற்றை மறுபடி எடுத்தால் இருபது நிமிடம். அவள் கல்லூரிக்குப் போவது மஜெந்தா லைனில், ஜனக்புரி வெஸ்ட்டிலிருந்து ஹௌஸ் காஸ் வரை. அரை மணிக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். டாப்ரி மோடில் எடுத்தால் முனிர்கா வருவதற்குள் முடிந்துவிடும். முன்பெல்லாம் ரயில் ஜனக்புரி வெஸ்ட்டிலேயே புறப்பட்டதால் உட்கார இடம் கிடைக்கும். 2025 ஜனவரியில் பாதை கிருஷ்ணா பார்க் எக்ஸ்டென்ஷன் வரை நீண்டதிலிருந்து அந்தச் சலுகையும் போயிற்று என்றாள். கார்டு வைத்துக்கொள்ள ஒரு கை போதும்.

கடைசி நாற்பது நாளில் புதுச் சொல் கிடையாது. திரும்ப வரும் கார்டுகள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகும்; மிச்ச நேரம் பத்தி வாசிப்புக்கு. மொழிப் பகுதியின் 27 கேள்விகளில் பாதி அங்கேதான் இருக்கிறது. தொண்ணூறுக்குப் பதில் முப்பதே நாள் இருந்தால் சொற்களை முந்நூறாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், நாளுக்கு இருபது என்பதை அறுபதாக ஏற்றக் கூடாது என்றும் சொன்னேன். ரப்பர் பேண்டுக் கட்டை என்ன செய்வது என்று கேட்டாள். அவிழ்த்துக் குலுக்கி, இன்றைய கட்டோடு சேர்க்கச் சொன்னேன்.